முகவருக்குப் பணம் உண்டு, பாஷைக்கு இல்லையா?

சில நாட்களுக்கு முன் ஒரு தகப்பன் எனது கடைக்கு வந்தார். மகன் ரியாத் போகிறான், முகவருக்குக் கட்ட ஒன்றரை இலட்சம் குறைகிறது, கைமாற்றாகத் தரமுடியுமா என்று கேட்டார். "மகனுக்கு அரபு பேச வருமா?" என்றேன். "நல்லா ஓதுவான் ஹாஜியார்" என்றார்.

இங்குதான் நாம் கணக்குப் பிழைக்கிறோம். ஓதுவது வேறு, பேசுவது வேறு. 'இப்போது' என்பதற்கு 'அல்ஆன்' என்று ஓதிப் பழகிய பிள்ளை, குவைத் கடைத்தெருவில் 'அல்ஹீன்' என்று கேட்டதும் விழிக்கும். ஆனாலும் எழுத்தும் உச்சரிப்பும் வாப்பா உம்மா சிறு வயதிலேயே தேடித் தந்த முதல். அந்த முதலை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்யாமல் இருப்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

எமதூர் இளைஞர்கள் இருவர் ஒரே ஹாட்வெயார் கடைக்கு ஒரே சம்பளத்தில் போனார்கள். ஒருவர் தமிழ் பேசுவோரோடு ஒரே அறையில் இருந்துவிட்டு, ஆறு வருடமும் களஞ்சியத்தில் சாமான் தூக்கினார். மற்றவர் சாமான்களின் பெயரையும் விலை பேசுவதையும் கொப்பியில் எழுதிப் பாடமாக்கினார். இரண்டாவது கொந்தராத்தில் விற்பனையாளர் ஆனார். கொமிஷனும் கிடைத்தது.

முதல் கொந்தராத்தில் பாஷையால் பெரிய வித்தியாசம் வராது என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டுச் சாரதிக்குப் பேசிய சம்பளம்தான். ஆனால் தகராறு வந்தால் ஐக்கிய அரபு இராச்சியத்தில் ஒப்பந்தத்தின் அரபுப் பிரதிதான் செல்லும். அதை வாசிக்கத் தெரியாமலே கைச்சாத்திடுகிறோம்.

அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, இஸ்ரேல் ஆகிய நாடுகளில் குடியேறியோரை ஆராய்ந்து, நாட்டு மொழி தெரிந்தவரே கூடுதலாக உழைக்கிறார் என்று சிஸ்விக், மில்லர் என்ற பொருளியலாளர்கள் 1995இல் எழுதினார்கள். சிங்கள ஊர்களில் கடை வைத்த நமது மூத்தவர்களுக்கு இது புதினமல்ல.

கொரியாவைப் பாருங்கள். 2004இல் இலங்கையோடு உடன்படிக்கை செய்தது. வாசிப்பிலும் செவிமடுத்தலிலும் பரீட்சை சித்தியடையாமல் அந்தத் திட்டத்தில் தொழிலுக்குப் போக முடியாது. 2025இல் அங்கு ஆகக் குறைந்த சம்பளம் மணிக்கு 10,030 வொன், வெளிநாட்டவருக்கும் அதேதான். 2019இல் ஆரம்பித்த ஜப்பான் திட்டத்துக்கும் மொழிப் பரீட்சை உண்டு. ஆகவே பிள்ளைகள் மாதக்கணக்கில் வகுப்புக்குப் போகிறார்கள். வளைகுடாவுக்குப் போகும் சாதாரண தொழிலாளியிடம் யாரும் பரீட்சை கேட்பதில்லை. கேட்காததால் நாமும் படிப்பதில்லை.

அந்தத் தகப்பனிடம், மகன் மூன்று மாதம் பேச்சு அரபு படித்துவிட்டு வரட்டும், பணத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்றேன். எங்கே படிப்பது என்று கேட்டார். இருபது வருடம் சவூதியில் இருந்து வந்தவர்கள் நமது தேநீர்க்கடை வாங்கில் நாலைந்து பேர் இருக்கிறார்கள். இஷாவுக்குப் பின் மத்ரஸா மண்டபமும் பூட்டித்தான் கிடக்கிறது. கரும்பலகைக்கும் அவர்களின் கைச்செலவுக்கும் நமது கடைத்தெரு முதலாளிமார் பத்துப் பேர் சேர்ந்தால் போதும். முதல் பங்கு என்னுடையது. மீதி ஒன்பது பேரை இந்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பின் கேட்கப் போகிறேன்.