ரெஞ்ச் சொடுக்கினால் போதுமா?

டார்க் ரெஞ்ச் ‘டக்’கென்றால் கனெக்டிங் ராட் போல்ட் சரியாக இறுகிவிட்டது என்கிறார் சிதம்பரத்து நண்பர். இல்லை. கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய 90 சதவீதத்தை மரையிலும் நட்டின் அடியிலும் உராய்வே தின்றுவிடுகிறது. மரை காய்ந்திருந்தால் ஒரு பிடிப்பு, எண்ணெய் பட்டிருந்தால் வேறு பிடிப்பு. ரெஞ்சில் மட்டும் அதே எண்.

போல்ட்டின் நீட்சி ஏமாற்றாது. இறுக்குமுன் ஒருமுறை, இறுக்கியபின் ஒருமுறை மைக்ரோமீட்டர் வைத்தால் போதும். வித்தியாசம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான், ஆனால் உண்மையான இழுவிசையைக் காட்டுவது அதுதான். கழற்றியபின் பழைய நீளத்துக்குத் திரும்பாத போல்ட் குப்பைக்கு. அதை எந்த ரெஞ்ச் சொல்லும்?

அளக்க நேரமில்லையாம்! கடலூர் முதுநகரிலிருந்து போன விசைப்படகில் நடுக்கடலில் போல்ட் அறுந்தால், ராட் இன்ஜின் பிளாக்கைப் பிளந்துகொண்டு வெளியே வரும். படகிலிருப்பவர்கள் கரை சேர யார் நேரம் கொடுப்பது?