பைப் மெதுவானதா?

"இரண்டு ப்ராசஸ்களுக்கு இடையே தரவு போக வேண்டுமா? ஷேர்டு மெமரிதான் வேகம். பைப் எல்லாம் பழங்காலச் சங்கதி." வேலைக்கான நேர்காணலுக்குத் தயாராகும் பிள்ளைகள் இதை மனப்பாடமாகவே சொல்கிறார்கள். இதில் பாதிதான் உண்மை.

பழையது என்பதில் தகராறில்லை. டக் மெக்கில்ராய் பல ஆண்டுகள் வற்புறுத்திய பைப்பை 1973இல் கென் தாம்ப்சன் யூனிக்ஸில் சேர்த்தார். இன்றும் ஷெல்லில் அதில்லாமல் ஒரு நாள் ஓடாது.

வேகத்துக்கு வருவோம். பைப்பில் தரவு கர்னலுக்கு ஒருமுறை, அங்கிருந்து படிக்கும் ப்ராசஸுக்கு ஒருமுறை என இரண்டு தடவை நகலாகிறது. ஷேர்டு மெமரியில் அந்தச் செலவு இல்லை. ஆனால் செய்தி 200 பைட்தான் என்றால் நகலுக்கு ஆகும் நேரம் அற்பம். தூங்கும் ப்ராசஸை எழுப்பத்தான் நேரம் போகிறது. ஷேர்டு மெமரியிலும் "தரவு வந்துவிட்டது" என்று தெரிவித்தாக வேண்டுமே! அதற்கு செமஃபோர் வைத்தால், தூங்குபவரை எழுப்ப மறுபடியும் கர்னலிடம்தான் போகிறோம். விடாமல் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு கோர் முழுவதும் வீண்.

லினக்ஸில் பைப்பின் வழக்கமான கொள்ளளவு 65,536 பைட். இதைக் குறையாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. பைப் நிரம்பியதும் எழுதும் ப்ராசஸ் தானாக நிற்கிறது, இடம் கிடைத்ததும் தொடர்கிறது. பலர் ஒரே பைப்பில் எழுதினாலும், ஒரு தடவைக்கு 4,096 பைட்டைத் தாண்டாதவரை ஒருவர் தரவுக்குள் இன்னொருவர் தரவு கலக்காது. ஷேர்டு மெமரியில் இதையெல்லாம் நாமே எழுத வேண்டும், அதுவும் பிழையில்லாமல்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பாதியில் ஒரு ப்ராசஸ் செத்தால் என்ன ஆகும் என்பது. பைப்பில் எழுதும் முனைகள் எல்லாம் மூடியதும் படிப்பவருக்கு 'முடிந்தது' என்று தெரிந்துவிடும். போஸ்ட்கிரெஸ் ஷேர்டு மெமரியை நம்பி ஓடும் டேட்டாபேஸ். அங்கே ஒரேயொரு பேக்எண்ட் ப்ராசஸை 'கில் -9' கொடுத்துக் கொன்றால், பொது நினைவகம் கெட்டிருக்கலாம் என்ற அச்சத்தில் மற்ற எல்லா இணைப்புகளையும் அது துண்டித்து, நினைவகத்தைப் புதிதாக அமைக்கிறது. சரியான முடிவுதான், ஆனால் விலை பெரிது.

ஷேர்டு மெமரிக்கு உரிய இடம் உண்டு. 1920×1080 திரையின் ஒரு ஃப்ரேம், பிக்சலுக்கு 4 பைட் வீதம் ஏறக்குறைய 8.3 எம்பி, நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் நகலெடுத்துக் கட்டுப்படியாகாது. லினக்ஸில் திரைக்காட்சிக்கான வேலேண்ட் நெறிமுறை பிக்சல்களை ஷேர்டு மெமரியில் வைக்கிறது. "இந்த பஃபர் தயார்" என்ற செய்தியை மட்டும் சாக்கெட் வழியே அனுப்புகிறது.