ஒரு சொல்லுக்கு ஒரே கருத்தா?

தரம் 8இல் படிக்கும் என் தங்கை ஆங்கிலச் சொற்களைக் கொப்பியில் நிரைநிரையாக எழுதி மனனமிடுவாள். "ரன் என்றால் ஓடு." ஒருநாள் வகுப்பில், "மை அங்கிள் ரன்ஸ் எ ஷொப்" என்ற வசனத்தை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். "என் மாமா கடைக்கு ஓடுகிறார்" என்றாள். வகுப்பே சிரித்தது. அதன்பின் ஆங்கிலப் பாடத்தில் அவள் வாய் திறப்பதில்லை.

அவளில் என்ன பிழை? ஒரு சொல்லுக்கு ஒரே கருத்து என்று நாம்தானே பழக்கினோம்! 'ரன்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியினர் 645 கருத்துகளைப் பிரித்துக் காட்டினர். அவற்றைத் தொகுக்க பீட்டர் கில்லிவருக்கு 9 மாதங்கள் எடுத்தன. தடிமன் வந்தால் மூக்கு ஒழுகுவதும், கடை நடத்துவதும் அந்தச் சொல்தான். 'அவுட்' சேர்ந்தால் வீட்டில் சீனி முடிந்துபோகும். 'இன்டு' சேர்ந்தால் வழியில் கூட்டாளியைத் தற்செயலாகக் காண்போம்.

நமக்கு இது புதிதல்ல. வாப்பா வேன் ஓடுகிறார், கடிகாரம் ஓடுகிறது, வியாபாரம் ஓடுகிறது, பரீட்சை மண்டபத்தில் மட்டும் நமக்கு ஒன்றும் ஓடுவதில்லை! இவற்றையெல்லாம் பட்டியல் போட்டா படித்தோம்? வீட்டில் கேட்டுக் கேட்டுப் பழகினோம்.

ஆகவே மாணவிகளே, சொல்லை வசனத்தோடு எழுதிப் படியுங்கள். பெற்றோரே, "இன்று எத்தனை சொல் பாடம்?" என்று கேட்காமல், "அந்தச் சொல்லை வைத்து ஒரு வசனம் சொல்லுங்க மகள்" என்று கேளுங்கள். பிழைவிட்டால் சிரிக்காதீர்கள். பிழைவிட்டுப் பேசும் பிள்ளை திருந்திக்கொள்ளும். வாய்மூடிய பிள்ளைக்கு அகராதி முழுவதும் பாடமிருந்தும் பயனில்லை.