கண்ணும் குளத்து நீரும்

நல்ல உடற்கட்டு உடையவர்களைக் கிருமிகள் அணுகா என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். கண்ணைப் பொறுத்த மட்டில் இவ்வெண்ணம் முற்றும் தவறு. நமது தமிழ்நாட்டுச் சிறுவர்களே அதற்குச் சாட்சி.

கண்ணில் கட்டி கண்ட 41 குழந்தைகளைப் பரிசோதித்த மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை வைத்தியர்கள், 2001-ம் வருஷத்தில் தங்கள் முடிவை வெளியிட்டனர். ஒவ்வாமையென்று முதலில் கருதப்பட்ட அக்கட்டிகளுக்குத் தட்டைப்புழுவே காரணம் என்பது அவர்கள் கண்டது. 2016-ல் வெளியான ஆராய்ச்சி இதனை ஐயமற நிலைநாட்டிற்று. குளத்து நத்தையினின்று வெளிப்பட்டு நீரில் நீந்தும் இளம்புழுவும், குழந்தைகளின் கண்ணினின்று அறுத்தெடுத்த கட்டியும், மரபணுச் சோதனையில் ‘புரோசெரோவம் வேரியம்’ என்னும் ஒரே இனத்தைச் சுட்டின. அக்குழந்தைகள் செய்த குற்றம் யாது? குளத்திலும் ஆற்றிலும் குளித்ததே!

நாமக்கல் ஜில்லாவில் காவிரி பாயும் பரமத்தி வேலூர், மோகனூர் பக்கங்களிலும் வாய்க்காலும் குளமுமே சிறுவர்களுக்கு நீச்சற் பள்ளிகள். கரும்புத் தோட்டத்தில் பாடுபடுவோர்க்கு வேறோர் அபாயமும் உண்டு. சோகை கீறிய கண்ணைக் கலங்கல் நீரால் கழுவினால், மண்ணிலும் நீரிலும் வாழும் ‘அகந்தமீபா’ என்னும் நுண்ணுயிர் கருவிழியைப் பற்றக்கூடும். காண்டாக்ட் லென்ஸைக் குழாய் நீரில் அலம்பி அணியும் நகரத்து வாலிபர்களுக்கும் இக்கேடு நேரும். முற்றினால் பார்வையே பறிபோகும்.

சிறுவர்களைக் குளத்தில் இறங்கவொட்டாமல் தடுத்தால் போதாதா என்பர் சிலர். இதை நாம் ஒப்போம். வீட்டில் குளிக்கப் போதிய நீரில்லாத ஏழை எங்கே செல்வான்? நீந்தத் தெரியாமல் வளரும் பிள்ளைக்கு நீரால் வரும் ஆபத்து இதனினும் பெரிதன்றோ?

கடமை பெரியோர்களுடையது. நத்தைகள் தங்கும் பாசியையும் களையையும் அகற்றிக் குளங்களைப் பேணுவதும், சாக்கடை அவற்றில் கலவாமல் காப்பதும், குளிக்கும் துறைக்கருகே சுத்தமான குழாய் நீர் தருவதும் ஊராட்சிகளின் பொறுப்பு. கோடை விடுமுறைக்கு முன் பள்ளிகளில் இவ்விஷயத்தை எடுத்துரைப்பது ஆசிரியர்களின் பொறுப்பு. கண் சிவந்தாலோ கட்டி கண்டாலோ பச்சிலைச் சாறும் தாய்ப்பாலும் பிழிந்து நாளைக் கடத்தாமல், அன்றே கண் வைத்தியரிடம் அழைத்துச் செல்வது பெற்றோரின் பொறுப்பு.

தேர்தல் காலத்தில் குளங்களைத் தூர்வாருவதாக வாக்களிப்போர் பலர். அவ்வாக்கு நிறைவேறிற்றா என்று ஊர்தோறும் கேட்பது தேசத்தொண்டர்களின் வேலை. குழந்தைகளின் கண்ணைக் காவாத பொதுவாழ்வு யாருக்காக?