எண்பது ஆண்டு உழைத்த சுரங்கத் தொடர்வண்டி

நுழையும்முன்

ஒரு பொருள் எப்போது பழையதாகிறது? ஆண்டுகள் கடந்தால் போதுமா? பழுதுபார்க்க வழியில்லாதபோதுதான் அது பழையதாகிறதா? இலண்டன் மாநகரின் நிலத்தடியில் ஐம்பது ஆண்டுகளும், கடல் சூழ்ந்த சிறு தீவொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேலும் ஓடிய ஒரு தொடர்வண்டியை முன்வைத்து இவ்வினாவை எழுப்புகிறது இக்கட்டுரை.

2021ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள், இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பாலுள்ள வைட் தீவில், இரு பெட்டிகள் கொண்ட பழைய மின்தொடர்வண்டி தன் பணியை முடித்துக்கொண்டது. அவ்வகை வண்டி முதன்முதலில் பயணிகளை ஏற்றிய ஆண்டு 1938. உலகப்போருக்கு முன் வரையப்பட்ட ஒரு வடிவம் நம் காலம்வரை நாள்தோறும் மக்களைச் சுமந்தது எப்படி? அதன் வலிமையான இரும்பே காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நான் அதை ஏற்கவில்லை. அவ்வண்டியின் நெடுவாழ்வு வரைபலகையிலேயே பாதி உறுதியாகிவிட்டது என்பது என் கருத்து.

இலண்டனின் ஆழ்சுரங்கங்கள் குழாய் போன்றவை. அவற்றின் விட்டம் பெரும்பாலும் 12 அடிக்கும் குறைவு. அதற்குள் ஓடும் வண்டியின் கூரை, சுரங்கச் சுவரின் வளைவை ஒட்டியே வளைந்திருக்கும். உயரமான ஒருவர் கதவருகே நின்றால் தலையைச் சற்றுச் சாய்த்துக்கொள்ள வேண்டியதுதான். இத்தகைய நெருக்கடியில் மின்மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கருவிகளை எங்கே வைப்பது? 1938க்கு முந்தைய வண்டிகளில் ஓட்டுநர் அறைக்குப் பின்னால் தனி அறை கட்டி அதில் வைத்தனர். இயக்குபெட்டியின் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அவ்வறை விழுங்கிவிட்டது. மக்கள் நெரிசலில் நசுங்க, கருவிகள் வசதியாக அமர்ந்து பயணம் செய்தன என்று சொன்னால் மிகையாகாது.

டபிள்யூ. எஸ். கிராஃப்-பேக்கர் என்னும் பொறியாளரின் தலைமையில் இந்நிலை மாறியது. கருவிகளைச் சுருக்கி, அவை அனைத்தையும் பெட்டியின் தளத்துக்குக் கீழே பொருத்தினர். 1935இல் சோதனை வண்டிகள் செய்து பார்த்தனர். அவற்றுள் சில காற்றைக் கிழிப்பனபோல் கூர்மழுங்கிய வளைந்த முகப்புடன் அமைந்தன. பார்வைக்கு அழகுதான், ஆனால் நிலையத்துக்கு நிலையம் நின்று செல்லும் சுரங்க வண்டிக்கு அம்முகப்பால் பயனில்லை என்று கண்டதும் கைவிட்டனர். பயனற்ற அழகைத் துறக்கத் துணிந்த அந்த முடிவை, வண்டியின் பிற சிறப்புகளைவிட நான் பெரிதாக மதிக்கிறேன். தட்டையான முகத்துடனும் செந்நிறத்துடனும் 1938 சூன் 30 அன்று நார்தர்ன் வழித்தடத்தில் புதிய வண்டி ஓடத் தொடங்கியது. அவ்வகையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் கட்டப்பட்டன.

தளத்துக்குக் கீழே கருவிகள் சென்றதால் இருக்கைகள் கூடின. இதை எல்லாரும் சொல்வர். அதிகம் பேசப்படாத மற்றொரு பயனும் உண்டு. பணிமனையில், தண்டவாளங்களுக்கு இடையே வெட்டப்பட்ட குழியில் இறங்கி நின்றால், பழுதுபார்ப்பவரின் கை எட்டும் தொலைவில் கருவிகள் இருந்தன. அவையும் கண்ணால் கண்டு புரிந்துகொள்ளத் தக்கவை. மின்மோட்டார் நிலையாக இருக்கும்போது முழு மின்னழுத்தத்தையும் கொடுத்தால் அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாயும். ஆகவே முதலில் மின்தடையாக்கிகளின் வழியே மின்சாரத்தைச் செலுத்தி, வேகம் கூடக்கூட அவற்றை ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். இவ்வண்டியில் அப்பணியை, அழுத்தப்பட்ட காற்றால் சுழலும் தண்டு ஒன்று தானாகவே செய்தது. தண்டு திரும்பத் திரும்ப, மின்சாவிகள் வரிசையாகத் திறந்து மூடின. எது தேய்ந்தது, எது கருகியது என்பதைப் பார்த்தே அறியலாம். தேய்ந்ததை மட்டும் மாற்றலாம்.

என் வீட்டில் அண்மையில் மாவரைக்கும் கருவி நின்றுபோனது. பழுதுபார்ப்பவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைத் திறக்கவே முடியாது, ஐயா, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். நான்கு ஆண்டுகூட நிறையாத கருவி அது. திருகாணி இருக்க வேண்டிய இடத்தில் பசை இருந்தது. அத்தகைய பொருளைப் பழையதாக்குவது காலமா, அதைச் செய்தவரா?

மீண்டும் இலண்டனுக்கு வருவோம். போர்க்காலத்தில், குண்டுவீச்சுக்கு அஞ்சி மக்கள் இரவில் நிலைய நடைமேடைகளில் உறங்கிய ஆண்டுகளிலும் இவ்வண்டிகள் ஓடின. 1978இல் நார்தர்ன் வழித்தடத்திலிருந்து விலக்கப்பட்டன. எனினும், பயணிகள் பெருகி வண்டிப் பற்றாக்குறை ஏற்பட்டபோது, சிலவற்றை 1986இல் அதே வழித்தடத்துக்குத் திரும்ப அழைத்தனர். 1988 மே மாதத்தில் அவற்றின் இலண்டன் பணி முடிவுற்றது.

அத்துடன் உருக்காலைக்குச் சென்றிருக்க வேண்டியவற்றுள் சில வைட் தீவைச் சேர்ந்தன. அங்கே ரைடு நகரின் நீண்ட கடற்பாலத்தின் முனையிலிருந்து ஷாங்க்ளின் வரை எட்டரை மைல் நீளத்தில் ஓர் இருப்புப்பாதை உண்டு. இடையே தாழ்ந்த சுரங்கம் ஒன்று. அதில் வெள்ளம் தேங்குவதைக் குறைக்கத் தண்டவாளத் தளத்தை உயர்த்தியதால், உயரம் மேலும் குறைந்தது. வழக்கமான பெட்டிகள் நுழைய இயலாத அச்சுரங்கத்தில் இலண்டனின் குள்ள வண்டிகள் எளிதாக நுழைந்தன. இலண்டனில் மின்சாரத்துக்கென இரு தனித் தண்டவாளங்கள் உண்டு, தீவிலோ ஒன்றுதான். அதற்கேற்ப இணைப்புகளை மாற்றினர். இரு பெட்டிகள் கொண்ட ஒன்பது வண்டிகள் இவ்வாறு மறுபிறவி எடுத்தன. முதல் வண்டி ஓடியது 1989இல். தொன்மாவின் புதைபடிவங்களுக்குப் பெயர்பெற்ற அத்தீவில், சில காலம் வண்டிகளின் மீதே தொன்மாக்களை வரைந்திருந்தனர். தம் வயதைத் தாமே கேலி செய்துகொண்ட வண்டிகள்!

பழையதைப் போற்றுவதிலும் ஓர் எல்லை வேண்டும். கடல்மேல் நீளும் பாலத்தில் ஓடி ஓடி, உப்புக்காற்றில் வண்டிகள் அரித்தன. இறுதி ஆண்டுகளில் ஓடும் நிலையில் எஞ்சியவை மிகச் சில. ஒன்று பழுதானால் சேவையே தடுமாறியது. குலுக்கலைத் தாங்கிக்கொண்டு நாள்தோறும் பள்ளிக்கும் பணிக்கும் சென்ற தீவு மக்களுக்கு, அவ்வண்டி ஒரு காட்சிப்பொருளன்று. தொலைவிலிருந்து வந்து படமெடுத்துச் செல்வோரின் ஆர்வத்துக்காக அவர்கள் இடர்ப்பட வேண்டியதில்லை. மாற்று வண்டி குறித்த முடிவு சில ஆண்டுகள் முன்பே வந்திருக்க வேண்டும் என்றே கருதுகிறேன். பழுதுபார்ப்பவரின் திறமை, முடிவெடுப்பவரின் தாமதத்தை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது.

விடைபெற்றவற்றுள் சில, பழைய வண்டிகளைப் பேணும் அமைப்புகளின் கைக்குச் சென்றன. இலண்டன் போக்குவரத்து அருங்காட்சியகமும் இவ்வகை வண்டி ஒன்றை ஓடும் நிலையில் வைத்துள்ளது. தீவில் 2021 நவம்பர் 1 அன்று மாற்று வண்டிகள் ஓடத் தொடங்கின. பளபளப்பான வண்ணம், புதிய மோட்டார்கள், புதிய இருக்கைகள். அவற்றின் அலுமினிய உடல் மட்டும் புதிதன்று. இலண்டனின் டிஸ்ட்ரிக்ட் வழித்தடத்தில் 1980 முதல் ஓடி, 2017இல் ஓய்வுபெற்ற பெட்டிகள் அவை.