இரவல் நூலை எடைக்குப் போடலாமா?

போகி நெருங்கினால் பவணந்தி முனிவருக்கு வேலை வந்துவிடுகிறது. பழையன போகவேண்டும் என்று நன்னூலைச் சான்றுக்கு அழைத்தபடியே பரணைக் காலி செய்யத் தொடங்குகிறோம். அந்த நூற்பா பேசுவது மொழியைப் பற்றி. காலப்போக்கில் சொல்வழக்கில் நேரும் மாற்றம் வழுவாகாது என்பதே அதன் கருத்து. இரவல் வாங்கிய நூலைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடுவது வழுவா இல்லையா என்பதற்கு அதில் விடை தேடுவது வீண்.

ஜப்பானின் மாரி கொண்டோ 2011இல் எழுதிய நூல் உலகெங்கும் பரவிய பின்னர், 'இது மகிழ்ச்சி தருகிறதா?' என்று ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்துக் கேட்கும் வழக்கம் நம் வீடுகளுக்கும் வந்துவிட்டது. தம் பொருளை வைத்துக்கொண்டு ஒருவர் அவ்வாறு கேட்பதில் நமக்கு மறுப்பில்லை. பிறர் நூலைக் கழித்துவிட்டு, பற்றறுத்ததாக மகிழ்வதைத்தான் ஏற்க இயலவில்லை. நமதல்லாததை நாம் எவ்வாறு துறப்பது?

'பத்தாண்டாயிற்று, அவர் கேட்கவே இல்லையே' என்பர். கேளாமை கொடையன்று. ஒரு புத்தகத்துக்காக நட்பு கெடவேண்டாம் என்று கூசியே பலர் கேட்பதில்லை. அந்தக் கூச்சத்தை நம் உரிமையாக்கிக்கொள்வது நியாயமா?

'மறுபதிப்பு கடையில் கிடைக்கிறதே' என்பது அடுத்த வாதம். கொடுத்தவர் ஓரங்களில் எழுதிய குறிப்புகள் மறுபதிப்பில் வாரா. சிற்றிதழ்களின் நிலை இன்னும் மோசம். சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' போன்ற இதழைத் தொகுத்து வைத்திருக்கும் ஒருவர், அதில் ஓர் இதழை இரவல் தந்தால் அவர் தொகுப்பில் ஓர் இடம் காலியாகிறது. நம் பரணில் அது ஒற்றை இதழ். நாம் அதை எடைக்குப் போட்டால் அவருடைய தொகுப்பு என்றென்றைக்கும் குறைப்பட்டதாகிவிடும்.

கரிவலம்வந்தநல்லூரில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்ட கதையை உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' சொல்கிறது. வகுப்பறையில் அதைப் படித்து நாம் கொதிக்கிறோம். அவர்களும் சாத்திரப்படி நல்லதைச் செய்ததாகவே நம்பினர். நம் கையில் இருப்பது வேறொரு சாத்திரம், அவ்வளவே.

செய்யவேண்டியது எளிது. முதற்பக்கத்துப் பெயரைப் பார்த்து உரியவரை அழைக்கலாம். அவர் மறைந்திருந்தால் பிள்ளைகளிடம் கேட்கலாம். 'நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்' என்று அவர்கள் சொன்னால் அன்றே அது நமதாகிவிடும். விட்டுக்கொடுக்கும் உரிமை அவர்களுடையது. எவரையும் கண்டறிய இயலாவிடில் நூலகங்களைக் கேட்டுப் பார்க்கலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா தனியொருவராகச் சேர்த்தவற்றைக் கொண்டே சென்னையில் 1994இல் அவர் பெயரிலான ஆய்வு நூலகம் உருவானது.

வரும் மார்கழிக் கடைசியில் பரணில் ஏறுவோர் ஒவ்வொரு நூலின் முதற்பக்கத்தையும் புரட்டிப் பார்க்கட்டும். வேறொருவர் பெயர் இருந்தால் அந்நூலை மூட்டையில் சேர்க்கவேண்டாம்.