நோய் யாருக்கு, மருந்து யாருக்கு?

சாதிச் சொல்லால் காயப்பட்டு வந்து நிற்கும் மாணவரிடம் நாம் சொல்லும் ஆறுதல் பெரும்பாலும் ஒன்றுதான்: "அதையெல்லாம் மனசுல வச்சுக்காதப்பா, படிக்கிற வேலையப் பாரு." நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால், அந்த இழிவை அவர் மனதுக்குள் கொண்டுபோய் வைத்தது யார் என்று நாம் கேட்பதில்லை. நிறவெறியைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டு விடை தேடிய மனநல மருத்துவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ஃபிரான்ஸ் ஃபனான். நம் மாணவர்கள் அவசியம் அறிய வேண்டியவர்.

கரீபியன் கடலில் பிரான்சின் ஆட்சியில் இருந்த மார்த்தினிக் தீவில் 1925 ஜூலை 20 அன்று பிறந்த கறுப்பினத்தவர் ஃபனான். இரண்டாம் உலகப் போரில் பிரான்சுக்காகப் போரிட்டுக் காயம்பட்டார். வீரப் பதக்கமும் பெற்றார். பிறகு பிரான்சின் லியோன் நகரில் மருத்துவம் படித்தார். எந்த நாட்டுக்காக உயிரைக் கொடுக்கப் போனாரோ, அந்த நாட்டின் தெருவில் அவரை ஒரு மனிதராகப் பார்க்கவில்லை, ஒரு நிறமாகத்தான் பார்த்தார்கள். அந்த அனுபவத்தையும் மருத்துவ அறிவையும் சேர்த்து அவர் எழுதிய 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' 1952இல் வெளிவந்தது.

அதில் சினிமாவை வைத்து ஓர் உண்மையைச் சொல்கிறார். மார்த்தினிக் தீவில் டார்சான் படம் பார்க்கும் கறுப்பின இளைஞன், வெள்ளைக்கார டார்சானின் பக்கம் நின்று, திரையில் வரும் ஆப்பிரிக்கர்களை எதிரிகளாக நினைக்கிறான். அதே படத்தை ஐரோப்பாவில் பார்க்கும்போது, அரங்கில் இருப்பவர்கள் அவனையே திரையில் உள்ள ஆப்பிரிக்கர்களோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். அப்போதுதான் தான் யார் பக்கம் கைதட்டினோம் என்பது அவனுக்கு உறைக்கிறது. பள்ளிப் பாடமும் படக்கதையும் சினிமாவும் சிறுவயதிலேயே அவனை அவனுக்கே எதிரியாக்கி விட்டிருந்தன.

இது ஒருவருடைய அனுபவம் மட்டுமல்ல. அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி 3 முதல் 7 வயது வரையான கறுப்பினக் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். நிறத்தைத் தவிர மற்றபடி ஒன்றுபோல் இருந்த பொம்மைகளை அவர்கள் முன்னால் வைத்து, எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை என்று கேட்டார்கள். நல்ல பொம்மை வெள்ளைப் பொம்மை என்றே பெரும்பாலான குழந்தைகள் கைகாட்டின. உன்னைப்போல் இருப்பது எது என்று கேட்டபோது சில குழந்தைகள் அழுதேவிட்டன. நிறம் பார்த்துப் பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, கிளார்க்கின் ஆய்வும் அதில் சுட்டிக்காட்டப்பட்டது.

இது இழிவு செய்யப்பட்டவர் மனதில் நடப்பது. இழிவு செய்பவர் மனதில் என்ன நடக்கிறது? சிக்மண்ட் பிராய்டு தொடங்கிவைத்த உளப்பகுப்பாய்வு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. தன்னிடம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள முடியாத ஆசையையும் கோபத்தையும் அச்சத்தையும் மனிதன் பிறர்மேல் ஏற்றிவிட்டு, அது அவர்களுடைய குணம் என்று நம்புகிறான். இதைப் புறத்தேற்றம் என்பார்கள். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். சாட்டையால் அடித்தவன், அடிபட்டவனைப் பார்த்து முரடன் என்றான். பெண்களைச் சீரழித்தவன், கறுப்பின ஆண்களைக் காமவெறியர்கள் என்றான். வெறுப்பு என்பது வெறுக்கப்படுபவரின் குறையல்ல, வெறுப்பவரின் நோய்.

1953இல் அல்ஜீரியாவில் பிளிடா மனநல மருத்துவமனைக்கு ஃபனான் மருத்துவராகப் போனார். அல்ஜீரியர்களின் மூளை அமைப்பே வன்முறைக்கானது என்று பிரெஞ்சு மனநல மருத்துவர்கள் அப்போது அறிவியல் என்ற பெயரில் எழுதி வந்தார்கள். ஃபனான் தன் சிகிச்சை முறையை ஐரோப்பியப் பெண்கள் வார்டில் செய்துபார்த்தபோது பலன் கிடைத்தது. அல்ஜீரிய முஸ்லிம் ஆண்கள் வார்டில் கிடைக்கவில்லை. நோயாளிகள் மேல் அவர் பழி போடவில்லை. முறைதான் தவறு என்று கண்டார். அந்த மக்களின் தேநீர்க் கடை, பண்டிகை, கதைசொல்லி எல்லாவற்றையும் மருத்துவமனைக்குள் கொண்டுவந்தார். அதன் பிறகே அவர்கள் தேறத் தொடங்கினார்கள். ஆனால், தேறியவரை மறுபடியும் அதே அடிமை வாழ்வுக்குத்தானே அனுப்ப வேண்டியிருக்கிறது? சொந்த மண்ணிலேயே மக்களை அந்நியராக்கும் ஆட்சியின்கீழ் மனநல மருத்துவம் பொருளற்றது என்று சொல்லி, 1956இல் பதவியை விட்டு விலகி விடுதலைப் போரில் சேர்ந்தார். 1961இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 36.

சாதியும் இனமும் ஒன்றல்ல. சாதிகளைத் தனித்தனி இனங்கள் என்று சொல்வதை அம்பேத்கரே மறுத்திருக்கிறார். ஆனால், சாதி மனதில் குடியிருப்பது என்பதையும் அவரே 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் சொல்லிவிட்டார். ஊரின் கழிவை அள்ளச் சொன்னவர்கள் சுத்தமானவர்களாம், அள்ளியவர்கள் அசுத்தமானவர்களாம். புறத்தேற்றத்துக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அதனால்தான், பாதிக்கப்பட்ட மாணவருக்கு மட்டும் ஆலோசனை கொடுத்து அனுப்பிவைப்பது பாதி மருத்துவம்கூட இல்லை என்கிறோம். நாங்குநேரியில் ஒரு தலித் மாணவர் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடைசெய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கையில் உள்ள கயிற்றை அவிழ்த்துவிடலாம். மனதில் கட்டிய கயிற்றை யார் அவிழ்ப்பது? அரிவாளைத் தூக்கிய பிள்ளைக்கும் அந்த வெறுப்பை வீட்டில் ஊட்டியவர்கள் உண்டு, பள்ளியில் கண்டும் காணாமல் இருந்தவர்கள் உண்டு. ஆலோசனை முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் அந்த வீடும், ஆசிரியர் அறையும், ஊர்க் கூட்டமும்தான். சட்டம் தன் கடமையைச் செய்ய வேண்டும் என்பதில் இதனால் எந்தத் தளர்வும் இல்லை. நோய் என்று சொல்வது குற்றத்தை மன்னிப்பதாகாது.

விடுதியில் தங்கிப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு சொல். உங்கள் தெருவின் பெயரைச் சொல்லும்போது நாக்கு தயங்குகிறதா? அந்தத் தயக்கம் உங்களோடு பிறந்ததல்ல; பிறர் கொண்டுவந்து வைத்தது. அந்தச் சுமையை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. வைத்தவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.